கேம்பர் வேன் குளிர்பெட்டி: மின்வழங்கல்

கேம்பர் வேனில் வைக்கும் சிறு குளிர்பெட்டிக்கு மின்சாரம் தரும் ஏற்பாடு. கோல சிலாங்கூர், செகிஞ்சான் கரையோரத்தில் இரவு தங்கும் வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் கம்பிரசர் பெட்டிதான் பொருத்தம். கம்பிரசர் இல்லாத பெல்டியர் வகைப் பெட்டி, வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரிதான் குறைக்கும். 33 டிகிரி நண்பகலில் பாசிர் பெனாம்பாங்கில் வாங்கிய இறாலை அதில் வைத்தால் மாலைக்குள் நாறிவிடும்.

45 வாட் கம்பிரசர் நாளில் பாதி நேரம் ஓடினால் 540 வாட்-மணி, அதாவது 45 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு நாள் தாங்கும். அதே அளவு ஈய அமில பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் ஒரு நாள்தான். வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் நேரடியாக மாட்டுவது மடத்தனம். காலையில் வண்டி கிளம்பாது.

வண்டி ஓடும்போது டிசி-டிசி சார்ஜர் பேட்டரியை நிரப்பும். 20 ஆம்பியர் சார்ஜர், லாத்தார் நெடுஞ்சாலை வழி ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி சேர்க்கும். கூரையில் 200 வாட் சோலார் தகடு, நல்ல வெயிலில் ஒரு நாள் தேவையை ஈடுகட்டும். ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனை நிழலில் நிறுத்தினால் அது வெறும் கூரைதான்.

மெல்லிய கம்பி இன்னொரு வம்பு. பேட்டரிக்கு 5 மீட்டர் தள்ளி 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் பெட்டி ஓடினால், போக வர அரை வோல்ட் கரையும். பேட்டரி தீர்ந்ததென்று நினைத்துப் பெட்டி தானே அணைந்துவிடும்.