செருமானிய அரசியல் தலைவர்களின் வாழ்க்கைப் பின்னணியும் மக்கள் தொடர்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

குறை கூற வருவோர்க்குக் காண்டற்கு எளியவனாக அரசன் இருத்தல் வேண்டும் என்பது திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வற்புறுத்தும் கருத்துகளுள் ஒன்று. மனுநீதிச் சோழனைப் பற்றிய மரபுக்கதையில் அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியும் இக்கருத்தின் வடிவமே ஆகும். இவ்விரண்டிலும் அரசன் எத்தகைய குடியில் பிறந்தான் என்பது வினாவன்று. முடியாட்சியில் அவ்வினாவுக்கு இடமுமில்லை. ஆள்வோர் எவ்வகை வீட்டில் பிறந்தனர், எத்தொழில் செய்து வளர்ந்தனர் என்பது மக்களாட்சி தோன்றிய பின்னரே அரசியல் வினாவாயிற்று. எளிய குடியில் பிறந்தவர் எளியோரின் துன்பத்தை அறிவார் என்னும் நம்பிக்கை இன்று உலகெங்கும் காணப்படுகிறது. அந்நம்பிக்கையை வரலாறு எந்த அளவுக்கு உறுதிப்படுத்துகிறது என்பதைச் செருமனியின் சான்றுகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேரரசு, குடியரசு, பொதுவுடைமை அரசு, கூட்டாட்சி எனப் பல்வேறு ஆட்சி முறைகளை ஒன்றரை நூற்றாண்டுக்குள் கண்ட நாடு என்பதால் செருமனி இவ்வாய்வுக்குப் பெரிதும் பொருந்துகிறது.

ஊதியமற்ற பதவி

1871 ஆம் ஆண்டு செருமானியப் பேரரசு உருவானபோது, இருபத்தைந்து அகவை நிறைந்த ஆடவர் அனைவர்க்கும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அரசமைப்பின் 32 ஆம் உறுப்பு, நாடாளுமன்ற உறுப்பினர் அப்பதவிக்கென ஊதியமோ ஈட்டுத்தொகையோ பெறலாகாது என விதித்தது. வாக்களிக்கும் கதவைத் திறந்துவிட்ட பிஸ்மார்க், உள்ளே அமரும் கதவைச் சாத்தி வைத்தார் எனலாம். நிலக்கிழார், வழக்கறிஞர், பேராசிரியர், உயர் அலுவலர் ஆகியோர் ஊதியமின்றியும் பெர்லினில் தங்கியிருக்க இயலும்; நாட்கூலி பெறுவோர்க்கு அஃது இயலாது.

இத்தடையைக் கடந்தோருள் முதன்மையானவர் ஆகஸ்ட் பேபெல். 1840 இல் கொலோன் நகரை அடுத்த டாய்ட்சில், படைவீரர் குடியிருப்பில் பிறந்த அவர், மரக் கடைசல் தொழிலைக் கற்று, லைப்சிக் நகரில் சிறு பட்டறை நடத்தினார். எருமைக் கொம்பில் கதவுக் கைப்பிடிகள் செய்து விற்ற வருவாயே அவர் அரசியல் வாழ்வுக்கு அடித்தளமாயிற்று. பிறர் தம் கட்சியின் நிதியையும் கட்சி இதழ்களின் ஆசிரியப் பணியையும் நம்பினர். இதனால் ஒரு விளைவு நேர்ந்தது. தொழிலாளர் ஒருவர் நாடாளுமன்றம் புகுவதற்கு முன்னரே பட்டறையை விட்டு நீங்கி, எழுத்தாளராகவோ கட்சி அலுவலராகவோ மாறிவிட நேர்ந்தது. 1906 ஆம் ஆண்டில்தான் உறுப்பினர்க்கு ஆண்டொன்றுக்கு 3000 மார்க் வழங்கும் சட்டம் நிறைவேறியது; வாராத நாள்களுக்குப் பிடித்தமும் உண்டு. 1912 ஆம் ஆண்டுத் தேர்தலில் 397 இடங்களுள் 110 இடங்களைப் பெற்றுச் சமூக சனநாயகக் கட்சி அவையின் மிகப்பெரிய கட்சியாயிற்று.

மிக்கெல்சும் வெபரும்

இம்மாற்றத்தை அணுகி நோக்கியவர் சமூகவியலறிஞர் இராபர்ட் மிக்கெல்ஸ். கட்சிகளின் இயல்பு குறித்து 1911 இல் அவர் வெளியிட்ட நூல், தொழிலாளர் தலைவர்கள் தலைமையேற்றபின் தம் பழைய வாழ்க்கைக்கு மீள இயலாதவர் ஆகின்றனர் என்பதை விளக்கியது. கைத்தொழிலை மறந்த தலைவர்க்குப் பதவியே பிழைப்பாகிறது. பதவியைக் காத்தல் கொள்கையைக் காத்தலினும் முதன்மை பெறுகிறது. அமைப்பு எங்குண்டோ அங்குச் சிலர் ஆட்சியும் உண்டு என்பது அவர் கண்ட முடிவு.

1919 சனவரியில் மியூனிக் நகரில் மாணவர் முன் உரையாற்றிய மேக்ஸ் வெபர், அரசியலுக்காக வாழ்வோர், அரசியலால் வாழ்வோர் என இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். செல்வம் உடையோர் மட்டுமே முதல் வகையினராக எளிதில் இருத்தல் கூடும். செல்வம் அற்றோரையும் அரசியலுக்குக் கொணர வேண்டுமாயின், அவர்க்கு அதனின்று வருவாய் கிடைத்தாக வேண்டும். ஊதியம் இல்லையெனில் செல்வர் ஆட்சி. ஊதியம் உண்டெனில் தொழில்முறை அரசியலாளர் ஆட்சி. இவ்விரு முனைகளுக்கிடையே செருமானிய மக்களாட்சி இன்றளவும் ஊசலாடி வருகிறது.

சேணத் தொழிலாளி தலைவராதல்

வெபர் உரையாற்றிய அடுத்த மாதம், 1919 பிப்ரவரி 11 அன்று, பிரீட்ரிக் ஏபர்ட் குடியரசின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஹைடல்பர்க் நகரத் தையற்காரர் ஒருவரின் மகனாக 1871 இல் பிறந்த இவர், சேணம் தைக்கும் தொழிலைக் கற்றவர். பிரேமன் நகரில் மதுக்கடை நடத்தியவர். அக்கடை தொழிலாளர் கூடிப் பேசும் இடமாகவும், சட்டமும் காப்பீடும் அறியாதோர் அறிவுரை பெறும் இடமாகவும் விளங்கியது. உலகப் போரில் தம் மக்கள் இருவரை இழந்தவர் என்னும் வகையிலும் அவர் நாட்டின் பொதுத் துயரில் பங்குடையவர்.

எனினும் அவர் எளிமையே அவருக்கு எதிரான கருவியாயிற்று. 1919 ஆகஸ்டில், அவர் பதவி உறுதிமொழி ஏற்ற நாள்களிலேயே, அமைச்சர் நோஸ்கேவுடன் பால்டிக் கடற்கரையில் நீச்சலுடையில் நிற்கும் அவரது படத்தைப் பெர்லின் வார இதழ் ஒன்று முகப்பில் வெளியிட்டது. பேரரசர் கையிலாம் இரண்டாம் வில்லியமின் அணிமணி பூண்ட படங்களைக் கண்டு பழகியோர் இப்படத்தை எள்ளி நகையாடினர். வலதுசாரியினர் அதனைப் பல்லாண்டுகள் பயன்படுத்தினர். தம்மைப் போன்றவர் ஒருவர் ஆட்சியில் இருத்தல் வேண்டும் என விரும்பும் மக்களே, ஆள்பவர் தம்மைப் போலத் தோன்றுங்கால் மதிக்கத் தயங்குகின்றனர் என்னும் முரண் இங்கு வெளிப்படுகிறது.

மறுபுறத்தே, தொழிலாளர் இயக்கத்தின் இடதுசாரியினரும் ஏபர்ட்டைத் தம்மவராகக் கருதவில்லை. பழைய படைத்தலைமையுடன் அவர் செய்துகொண்ட உடன்பாடும், 1919 இல் எழுச்சிகள் ஒடுக்கப்பட்ட முறையும் ஆறாப் புண்ணாயின. 1918 சனவரி வேலைநிறுத்தக் குழுவில் பங்கேற்றமையால் அவர் நாட்டுக்கு இரண்டகம் செய்தார் என 1924 டிசம்பரில் மக்டபர்க் நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கின் நெருக்கடியில் மருத்துவத்தைத் தள்ளிப்போட்ட ஏபர்ட், குடல்வால் அழற்சி முற்றி 1925 பிப்ரவரி 28 அன்று மறைந்தார்.

தொழிலாளர் பெயரால் ஓர் அரசு

பின்னணியே தொடர்பைக் காக்கும் என்னும் கருத்தைச் சோதிக்கக் கிழக்குச் செருமனியை விடச் சிறந்த களம் இல்லை. 1949 இல் அமைந்த அவ்வரசின் தலைவர் வில்லெம் பீக் தச்சர். கட்சித் தலைமையை ஏற்ற வால்ட்டர் உல்பிரிக்டும் தச்சர், தையற்காரரின் மகன். அவருக்குப் பின் வந்த எரிக் ஹோனெக்கர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். கூரை வேயும் தொழிலைப் பயின்றவர்.

அத்தகைய அரசுதான் 1953 மே மாதத்தில் தொழிலாளர் நிறைவேற்ற வேண்டிய வேலை அளவைக் குறைந்தது பத்து விழுக்காடு உயர்த்தியது. சூன் 16 அன்று பெர்லினின் ஸ்டாலின் பெருஞ்சாலைக் கட்டடத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மறுநாள் எழுச்சி நாடெங்கும் பரவியது. தச்சர் தலைமையிலான அரசைக் கட்டடத் தொழிலாளரிடமிருந்து சோவியத் கவச ஊர்திகள் காத்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1960 அளவில் கட்சியின் மேல்மட்டக் குழுவினர் பெர்லினுக்கு வடக்கே வாண்ட்லிட்சு அருகில் காட்டிடையே அமைந்த குடியிருப்பிற்கு இடம்பெயர்ந்தனர். இருபத்துமூன்று வீடுகளைக் கொண்ட அவ்விடம் மதிலும் காவலும் சூழ்ந்தது. பொதுமக்கள் வரிசையில் நின்றும் பெற இயலாத மேலைநாட்டுப் பொருள்கள் அங்குள்ள கடையில் கிடைத்தன. 1989 நவம்பரில் தொலைக்காட்சிக் குழு ஒன்று அதனுள்ளே சென்று படம்பிடித்துக் காட்டியபோது மக்கள் சினங்கொண்டனர். அவ்வீடுகள் மேலைநாட்டுச் செல்வர் மாளிகைகளோடு ஒப்பிட எளியனவே. சினத்திற்குக் காரணம் செல்வத்தின் அளவன்று, மதிலும் மறைப்புமே ஆகும். தச்சரும் சுரங்கத் தொழிலாளியின் மகனும் வாழ்ந்த குடியிருப்பின் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கவில்லை.

கூட்டாட்சிச் செருமனி

மேற்கில் 1949 ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், உறுப்பினரின் சார்பின்மையைக் காக்கும் அளவுக்குத் தக்க ஊதியம் வழங்க வழிசெய்தது. 1975 நவம்பர் 5 அன்று கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம், உறுப்பினர் பணி முழுநேரப் பணியாகிவிட்டது என்றும், அதற்குரிய ஊதியம் வரிக்கு உட்பட்டது என்றும் தீர்ப்பளித்தது. ஏழைக்குக் கதவு முழுமையாகத் திறந்தது. ஆயினும் அக்கதவின் வழியே வந்தோர் பெரும்பாலும் பட்டதாரிகள். இன்றைய நாடாளுமன்ற உறுப்பினருள் எண்பது விழுக்காட்டினர்க்கு மேல் உயர்கல்வி பெற்றோர். மகப்பேற்று அறை, விரிவுரைக் கூடம், நாடாளுமன்ற அவை என மூன்றே இடங்களில் சிலர் வாழ்க்கை முடிந்துவிடுகிறது என்னும் கேலிமொழி செருமனியில் வழங்குகிறது.

இந்நிலைக்கு விலக்காக இருவரைக் குறிப்பிடலாம். நோர்பெர்ட் புளூம் ரூசல்சைம் ஓப்பல் ஆலையில் கருவி செய்யும் தொழிலாளியாக இருந்து, மாலைப் பள்ளியில் பயின்று, முனைவர் பட்டம் பெற்றவர். 1982 முதல் 1998 வரை தொழிலாளர் துறை அமைச்சராக இருந்த அவர் காலத்தில்தான், முதியோர், நோயுற்றோர் ஆகியோரின் பராமரிப்புக்கான காப்பீடு 1995 இல் நடைமுறைக்கு வந்தது. அவர் தொழிற்சங்கத் தொடர்பையும் தம் கட்சியின் தொழிலாளர் பிரிவுடனான உறவையும் விடாது பேணியவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மற்றவர் கெர்ஹார்ட் சுரோடர். 1944 இல் பிறந்த அவர் தந்தையைப் போரில் இழந்தவர். தாய் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து மக்களை வளர்த்தார். கடைப் பணியாளராகத் தொடங்கி, மாலைப் பள்ளி வழியே வழக்கறிஞராகி, 1998 இல் நாட்டின் தலைமை அமைச்சரானார். 2003 மார்ச் 14 அன்று அவர் அறிவித்த சீர்திருத்தத் திட்டத்தின் தொடர்ச்சியாக, நெடுங்கால வேலையற்றோர்க்குரிய உதவித்தொகை 2005 முதல் சமூக உதவியுடன் இணைக்கப்பட்டது. மேற்கு மாநிலங்களில் தனியொருவர்க்கு வீட்டுச் செலவு நீங்கலாக மாதம் 345 யூரோவும், கிழக்கில் 331 யூரோவும் அடிப்படைத் தொகையாக விதிக்கப்பட்டன. 2004 கோடையில் கிழக்கு நகரங்களில் பல்லாயிரவர் திங்கட்கிழமைதோறும் தெருவில் இறங்கினர். அத்திட்டம் வேலையின்மையைக் குறைத்தது என்போரும் உளர். எனினும், துப்புரவுப் பணிப்பெண்ணின் மகன் தம்மை மறந்தார் என்னும் எண்ணத்தைப் பலர் நெஞ்சிலிருந்து அகற்ற இயலவில்லை.

வாக்கற்றோர் நிலை

1980களில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் பலர் கிழக்குப் பெர்லினின் சோனபெல்ட் வானூர்தி நிலையம் வழியே மேற்குப் பெர்லினை அடைந்தனர். தஞ்சம் கோருவோர் குறிப்பிட்ட மாவட்ட எல்லையை விட்டு நீங்கலாகாது என 1982 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. வெளிநாட்டவர்க்கு உள்ளாட்சி வாக்குரிமை வழங்கிய மாநிலச் சட்டங்களை 1990 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதனவாக்கியது. உணவகச் சமையற்கட்டுகளில் உழைத்த இவர்தம் வாழ்க்கையை எந்த உறுப்பினரின் பின்னணியும் பிரதிபலிக்கவில்லை. ஆயினும் குடியுரிமை பெறக் காத்திருக்கும் காலத்தைப் பதினைந்து ஆண்டுகளிலிருந்து எட்டாகக் குறைத்து, செருமனியில் பிறக்கும் அயலவர் மக்கட்கும் வரையறைக்குட்பட்டுப் பிறப்புவழிக் குடியுரிமை வழங்கிய 2000 ஆம் ஆண்டுச் சட்டம் சுரோடர் ஆட்சியிலேயே நடைமுறைக்கு வந்தது. தாம் பிறந்த வகுப்பினரைப் புண்படுத்திய ஆட்சியே, தமக்குத் தொடர்பற்ற வகுப்பினர்க்கு வாயில் திறந்தது. இரண்டையும் பின்னணி கொண்டு முன்னறிந்திருக்க இயலாது.

தமிழகத்தோடு ஓர் ஒப்பீடு

விருதுநகரில் பிறந்து, பள்ளிக் கல்வியை இடையில் விடுத்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக விளங்கினார். மதிய உணவுத் திட்டமும் பள்ளிப் பெருக்கமும் அவர் இளமை வறுமையின் விளைவாகவே பெரிதும் போற்றப்படுகின்றன. ஆனால் ஊர்தோறும் அவர் மேற்கொண்ட சுற்றுப்பயணங்களும், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இன்றி அந்நினைவு மட்டும் திட்டமாகியிராது. 1967 இல் அரிசித் தட்டுப்பாடும் மொழிச் சிக்கலும் மேலோங்கிய நிலையில், அவர் பிறந்த விருதுநகரே மாணவர் தலைவர் பெ. சீனிவாசனைத் தேர்ந்தெடுத்தது. வாக்குச் சீட்டு அந்நாளில் மணியாக ஒலித்தது எனலாம்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று கருத்துகள் புலனாகின்றன. முதலாவதாக, ஊதியமும் மாலைப் பள்ளியும் தொழிற்சங்கமும் இல்லாத இடத்தில் எளியோர் ஆட்சிக்கு வருதலே அரிது. ஆதலின் பின்னணி பொருட்டன்று என்று புறந்தள்ளுதல் தவறு. இரண்டாவதாக, பின்னணி என்பது நினைவு. நினைவு காலப்போக்கில் மங்கும், மதிலுக்குள்ளே விரைந்து மங்கும். மூன்றாவதாக, 1998 முதல் 2015 வரையிலான செருமானியச் சட்ட முடிவுகளை ஆராய்ந்த எல்செசர், ஹென்சே, சேபர் ஆகியோர், அவை உயர் வருவாயினரின் விருப்பத்தோடே மிகுதியும் பொருந்தின என 2016 இல் காட்டினர். அக்காலத்தின் முதல் ஏழாண்டுகள் துப்புரவுப் பணிப்பெண்ணின் மகன் ஆண்ட காலம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. எனவே ஆள்வோர் எங்கிருந்து வந்தார் என வினவுவதோடு, இன்று அவர் வாயிலை எவர் அணுக முடிகிறது என்றும் வினவுதல் வேண்டும். மணியைக் கட்டுவது அரசனின் கடமை எனத் தமிழ் மரபு கருதியது. மக்களாட்சியில் அது குடிமக்களின் கடமையும் ஆகும்.