உளிப் பெட்டியும் எட்டு மணி நேரமும்

1840ஆம் ஆண்டின் தொடக்கம். நியூசிலாந்தின் பிட்டோனி கடற்கரையில் குடியேற வந்திறங்கியிருந்தார் லண்டன் தச்சர் சாமுவேல் டங்கன் பார்னெல். அதே கப்பலில் வந்த வணிகர் ஜார்ஜ் ஹண்டர், தமக்கொரு சரக்குக் கிடங்கு கட்டித்தரும்படி அவரைக் கேட்டார். பார்னெல் சம்மதித்தார். நிபந்தனை ஒன்றுதான்: நாளைக்கு எட்டு மணி நேரமே வேலை. லண்டனில் காலை ஆறு மணி அடிக்கும்போது ஆள் வேலையில் நிற்காவிட்டால் கால் நாள் கூலி போய்விடுமே என்று ஹண்டர் நினைவூட்டினார். இது லண்டன் இல்லையே என்றார் பார்னெல். அந்தக் குடியிருப்பில் அப்போது மூன்று தச்சர்களே இருந்தார்கள். ஹண்டருக்கு வேறு வழியில்லை.

இதை ஒரு தனி மனிதரின் துணிச்சலாகச் சொல்லி முடிப்பது வழக்கம். ஆய்வுக்கு உரியது அதற்குப் பின் நடந்தது. புதுக் கப்பல் வரும்போதெல்லாம் பார்னெல் கரைக்குப் போய், இறங்குகிற தொழிலாளரிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் தொழிலாளர்கள் கூடி, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவரைத் துறைமுகத் தண்ணீரில் முக்குவது என்றே தீர்மானம் போட்டார்கள். மூன்று பேராக இருந்தவரை பேரம் போதுமானதாக இருந்தது. ஆள் பெருகியதும் கட்டுப்பாடு தேவைப்பட்டது.

தச்சர் சங்க வரலாறு பெரும்பாலும் கைத்திறனைக் காத்த வரலாறாகவே எழுதப்படுகிறது. சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது: இச்சங்கங்களைப் பிறப்பித்தது வேலை நேரம்; நிலைக்கவைத்தது கருவி. நேரக் கோரிக்கை வெளியாரை உள்ளே அழைத்தது. கருவியைச் சுற்றி எழுந்த காப்பு வேலி போட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே அவற்றின் வரலாறு.

நேரம் ஏன் தச்சரை இவ்வளவு உறுத்தியது? கட்டட வேலை சூரியனை நம்பியது. 1791இல் பிலடெல்பியாவின் கூலித் தச்சர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களது குறை இதுதான்: பகல் நீளும் கோடையில் முதலாளிகள் நாள் கூலி கொடுத்தார்கள், பகல் சுருங்கும் குளிர்காலத்தில் உருப்படிக் கூலிக்கு மாறிக்கொண்டார்கள். எந்தப் பருவமானாலும் நட்டம் தச்சருக்கே. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் போகப் பத்து மணி நேர வேலை என்று அவர்கள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. எதிர்த்தரப்பில் இருந்த மேஸ்திரிகளுக்கோ 1724 முதலே சொந்த அமைப்பு உண்டு. வேலைக்கான விலை விவரங்களை அச்சிட்டு, வெளியாருக்குக் காட்டாமல் வைத்திருந்த அமைப்பு அது.

1825இல் பாஸ்டன் தச்சர்கள் அதே பத்து மணி நேரத்தைக் கேட்டார்கள். வேலை நேரம் குறைந்தால் தொழிலாளரின் ஒழுக்கம் கெடும் என்றார்கள் மேஸ்திரிகள். கட்டடங்களுக்குப் பணம் போட்ட செல்வந்தர்களும் அவர்கள் பக்கமே நின்றார்கள். போராட்டம் தோற்றது. பிலடெல்பியாவில் 1827இல் தச்சர்கள் மீண்டும் இறங்கியபோதுதான் ஒரு புது வழி திறந்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பல தொழில்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நகரக் கூட்டமைப்பை உருவாக்கின. கடைசியில் 1835இல் அந்நகரில் பத்து மணி நேரத்தை வென்றெடுத்தது பல தொழிலினரும் சேர்ந்து நடத்திய பொது வேலைநிறுத்தம்.

இங்கிலாந்தும் இதற்கு விலக்கல்ல. லண்டன் கட்டடத் தொழிலாளர்கள் ஒன்பது மணி நேரம் கேட்டதால் 1859இல் கதவடைப்பு வந்தது. சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டவருக்கே வேலை என்றார்கள் முதலாளிகள். சில மாதங்களில் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. ஒன்பது மணி நேரம் கிடைக்கவில்லை. அந்தத் தழும்போடு 1860இல் பிறந்ததுதான் தச்சர்களின் ஒருங்கிணைந்த சங்கம். 1862இல் ராபர்ட் ஆப்பிள்கார்த் அதன் செயலாளரானார்.

இந்தச் சங்கத்தில்தான் கருவிப் பெட்டி மேடைக்கு வருகிறது. வாள், இழைப்புளி, உளி வரிசை, துளையிடும் கருவி, சுத்தியல் எல்லாம் தச்சரின் சொந்தச் சொத்து, முதலாளி தருவதல்ல. அரைகுறையாக எழும்பிய கட்டடத்தில் இரவு பெட்டியை விட்டுப் போகிறார். காலையில் வந்தால் தீயில் கருகிக் கிடக்கிறது, அல்லது திருடு போயிருக்கிறது. கருவி போனவருக்குத் திறமை கையில் இருந்தும் வேலை இல்லை. வாரம் ஒரு ஷில்லிங் என்ற கனத்த சந்தாவை வாங்கிக்கொண்டு, இந்த இழப்பை ஈடுகட்டியது ஆப்பிள்கார்த்தின் சங்கம். நோய், விபத்து, வேலையின்மை, முதுமை, ஈமச்செலவு ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. வேலைநிறுத்தம் ஓய்ந்த பிறகும் உறுப்பினர் விலகாமல் இருந்ததற்கு இது வலுவான காரணம். ஆனால் வாரம் ஒரு ஷில்லிங் கட்ட முடியாத அரைத் தச்சருக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்காவில் அந்த அரைத் தச்சர்தான் மையக் கேள்வியானார். கதவு, ஜன்னல் சட்டங்களை இயந்திர மரப்பட்டறைகள் ஆயத்தமாகச் செய்து அனுப்பத் தொடங்கியிருந்தன. ஒருவர் கதவு மட்டும் மாட்டுவார், இன்னொருவர் தரைப்பலகை மட்டும் அடிப்பார். முழுத் தொழில் தெரிந்தவர் தேவைப்படவில்லை. 1881 ஆகஸ்டில் 11 நகரங்களிலிருந்து 36 பிரதிநிதிகள் சிகாகோவில் கூடி, சுமார் 2,000 உறுப்பினர்களோடு தச்சர் சகோதரத்துவச் சங்கத்தைத் தொடங்கினார்கள். செயலாளர் பீட்டர் மெக்வயர், சோஷலிசத்தில் ஊறியவர். முதல் தலைவர் கேப்ரியல் எட்மன்ஸ்டன். 1886 மே 1 முதல் எட்டு மணி நேரமே சட்டப்படியான வேலைநாள் என்று தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் 1884இல் தீர்மானம் கொண்டுவந்தவர் எட்மன்ஸ்டனே. மே முதல் தேதி உழைப்பாளர் வரலாற்றில் நுழைந்தது ஒரு தச்சரின் தீர்மானத்தின் வழியாக.

1886இன் எழுச்சி சிகாகோ ஹேமார்க்கெட் குண்டுவெடிப்புக்குப் பின் ஒடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1890 மே 1ஐ அடுத்த போராட்ட நாளாகக் குறித்தது. எல்லாத் தொழில்களும் ஒரே நேரத்தில் இறங்காமல், முன்னணியில் நிற்கும் பொறுப்பைத் தச்சர்களிடம் கொடுத்தது. 1889இல் பாரிஸில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடும் அந்தத் தேதியையே ஏற்றது. 1890இல் பல நகரங்களில் தச்சர்கள் எட்டு மணி நேரத்தை வென்றார்கள். இன்னும் பல நகரங்களில் ஒன்பது மணி நேரத்தோடு நின்றார்கள். சங்கத்தின் உறுப்பினர் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டியது. 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது அந்தத் தேதி உலகத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவாகியிருந்தது.

வென்ற சங்கமோ வேலி கட்டுவதில் முனைந்தது. மரம் தொட்ட வேலையெல்லாம் எமக்கே என்று எல்லை வகுத்து, மரப்பட்டறைத் தொழிலாளரின் தனிச்சங்கத்தோடு ஆண்டுக்கணக்கில் மோதி, 1912இல் அதைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. மெக்வயர் அதற்கு முன்பே, 1902இல், பணக் கையாடல் குற்றச்சாட்டோடு வெளியேற்றப்பட்டிருந்தார்.

1935 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டியில் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் மாநாடு நடந்தது. ஆலைக்கு ஒரே சங்கம் வேண்டும் என்று ரப்பர் தொழிலாளர் பிரதிநிதி ஒருவர் பேச எழுந்தபோது, விதியைக் காட்டி அவரைத் தடுத்தார் தச்சர் சங்கத் தலைவர் வில்லியம் ஹட்சிசன். சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸ் அவரோடு வாக்குவாதத்தில் இறங்கினார். வார்த்தை முற்றி, ஹட்சிசனின் முகத்தில் லூயிஸின் குத்து விழுந்தது. அடுத்த மாதமே, ஆலைத் தொழிலாளரைத் தொழில்வாரியாகப் பிரிக்காமல் ஒரே சங்கத்தில் சேர்ப்பதற்காக லூயிஸும் கூட்டாளிகளும் தனிக் குழு அமைத்தார்கள். தச்சர் சங்கம் அதில் சேரவில்லை.