கப்பற்றலைவர் லபூர்தொனேயும் சென்னை மீட்புப் பணமும்

கி.பி. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த ஐரோப்பிய வணிகக் கப்பற்றலைவருள் குறிப்பிடத்தக்கவர் மாயே தெ லபூர்தொனே என்னும் பிரெஞ்சுக்காரர். 1746இல் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிப் பின் அதனைப் பொன்னுக்கு ஈடாக ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க உடன்பட்டவர் இவர். இச்செயல் பற்றி இவரைக் கையூட்டுப் பெற்றவர் எனப் பழிப்பாரும், சொல் தவறாதவர் எனப் போற்றுவாரும் உளர். இரு சாராரும் இவர்தம் தொழிலைக் கருதினாரல்லர். கடல் வணிகத்தில் இவர் பெற்ற பயிற்சியே அம்முடிவுக்கு அடிப்படை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

லபூர்தொனே 1699இல் பிரான்சு நாட்டுச் சேன் மாலோ துறைமுகத்திற் பிறந்தார்; இளமையிலேயே கடலேறினார். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியிற் சேர்ந்து கப்பற்றலைவராக உயர்ந்து, 1725இல் மய்யழியைக் கைப்பற்றிய படையிற் பங்கு கொண்டார். பின்னர்க் கீழைக் கடல்களிற் சொந்த வாணிகம் செய்து பெரும்பொருள் ஈட்டினார். அக்காலக் கப்பற்றலைவர்க்குச் சம்பளத்தினும் தம் கணக்கில் ஏற்றும் சரக்கே பெருவருவாய் தந்தது. சோழமண்டலத் துணி இசுப்பானியர் ஆண்ட மணிலா வரை சென்றது. அங்கிருந்து வெள்ளி நாணயம் இக்கரைக்கு வந்தது. முதல், இடர், பருவம், ஆதாயம் என்னும் நான்கையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே இத்தொழிலின் இயல்பு.

1735 முதல் இவர் மொரீசியசு, போர்போன் தீவுகளின் ஆளுநராயிருந்து போர்ட் லூயித் துறைமுகத்தை உருவாக்கினார். அப்பணிக்காகப் புதுச்சேரிப் பகுதியினின்றும் தமிழ்க் கைவினைஞர் அழைத்துச் செல்லப்பட்டனர். மொரீசியசுத் தமிழர் வரலாற்றின் தொடக்க ஏடுகளுள் இஃது ஒன்று.

போர் மூண்டபின், தாமே அத்தீவுகளில் திரட்டிய கப்பற்படையுடன் 1746 சூலையில் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயரை எதிர்த்துவிட்டுப் புதுச்சேரி அடைந்தார். செப்டம்பர் 21ஆம் நாள் சென்னை பணிந்தது. பதினொரு இலட்சம் வராகன் பெற்றுக்கொண்டு நகரை மீள அளிப்பதென ஆங்கிலேயரோடு உடன்பாடு பேசினார். புதுச்சேரி ஆளுநர் தூப்ளே இதனை மறுத்தார். சென்னையை ஆர்க்காட்டு நவாபுக்குத் தருவதாக அவர் முன்னரே வாக்களித்திருந்தார்.

இங்குக் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, பிடித்த இடங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாகாது என்பது லபூர்தொனேக்கு வந்த மேலிடத்துக் கட்டளை. மற்றொன்று பருவக்காற்று. சென்னையில் அந்நாளில் கப்பல் ஒதுங்கத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றுத் தொடங்குமுன் கப்பல்கள் அகல வேண்டும். தூப்ளேக்கு நிலம் நிலையானது. லபூர்தொனேக்கோ காலம் கரையும் சரக்கு. வழக்கு நீண்டது. அக்டோபர் 13ஆம் நாள் இரவு எழுந்த புயலில் அவருடைய கப்பல்கள் பல அழிந்தன, எஞ்சியவை சிதைந்தன. வணிகர் அஞ்சிய இடர் அவ்வாறே நேர்ந்தது. அவர் அகன்றபின் தூப்ளே அவ்வுடன்பாட்டைச் செல்லாதென்றார்.

ஆனால் அதே தொழில் அவருக்குப் பகையுமாயிற்று. தனி ஆதாயம் தேடுவது வழக்கமான ஒரு தொழிலில் வளர்ந்தவர்மேல், மீட்புப் பணத்தோடு தமக்கெனவும் பொருள் பெற்றார் என்னும் ஐயம் எளிதிற் படிந்தது. பிரான்சு திரும்பிய அவர் 1748இல் பாசுத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். கஞ்சியில் தோய்த்து விறைப்பாக்கிய கைக்குட்டைகளில் தம் எதிர்வாதத்தை எழுதினார் என்பர். 1751இல் குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றும், உடல் நலிந்து 1753இல் இறந்தார். அவர் பொருட்டுப் பூசல் எழுந்த சென்னையோ, 1748ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மறு ஆண்டே ஆங்கிலேயர்க்கு மீண்டது.

இவ்வரலாற்றை ஆய்வார்க்குத் தமிழ்ச் சான்று ஒன்று வாய்த்திருப்பது நமது நற்பேறு. 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு, இரு தலைவர்க்கும் இடையே வளர்ந்த மனக்கசப்பை அன்றாடம் கண்டும் கேட்டும் எழுதப்பட்டது. பிள்ளையவர்கள் தூப்ளேயின் ஆதரவு பெற்றவர் என்பதை மறத்தலாகாது. அவர்தாமும் வணிகர் என்பதையும் மறத்தலாகாது. பிரெஞ்சு ஆவணங்கள் வழக்காடும் நோக்கில் எழுதப்பட்டவை. நாட்குறிப்போ தீர்ப்பு வருமுன் எழுதப்பட்டது. ஆதலின் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு நாள்வாரியாக ஆராய்வது தமிழ் ஆய்வாளர் கடனாகும். இந்நாட்குறிப்பு, கடல் வணிக வரலாற்று மூலமாகவும் பயிலப்படுதல் வேண்டும்.