கன்றுக்குட்டி காட்டிக்கொடுத்த வைரஸ்

பிறந்து சில நாளே ஆன கன்னுக்குட்டி. தண்ணித் தண்ணியா கழிச்சல். உடம்புல நீர் வத்தி செத்துப்போகும். காரணம் பாக்டீரியாவா, வைரஸான்னு சாணியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

1969-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் சார்லஸ் மீபஸ் குழு ஒரு வைரஸைக் கண்டுபிடித்தது. இப்போ குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கிறோமே, அந்த ரோட்டா வைரஸ்தான்! அடையாளம் காட்டியது ஆன்டிபாடி. அதில் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிடுவார்கள். சாணியில் உதிர்ந்த குடல் செல்லில் வைரஸ் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னும். இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். ஆனால் கழிச்சல் தொடங்கிய உடனே சாணி எடுக்கணும், பழகிய கண்ணும் வேணும்.

1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் எலைசாவைக் கொண்டுவந்தார்கள். சாயத்துக்குப் பதில் நொதி. நிறம் மாறுவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

எனக்குப் பிடிச்ச திருப்பம் இனிமேதான். 1973-இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளின் குடலில் இதே மாதிரி வைரஸைப் பார்த்தது. அது சோதனைக்கூடத்தில் லேசில் வளரவில்லை. கன்னுக்குட்டி வைரஸ் வளர்ந்தது! ரெண்டுக்கும் பொதுவான புரதம் உண்டு. அதனால் குழந்தைகளின் ரத்தத்தில் ஆன்டிபாடி தேட, நெப்ராஸ்கா கன்னுக்குட்டி வைரஸையே ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள்.