பட்டுச் சுருளில் ஆயிரம் லி நிலம்

ஓவியம் என்றதும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படமே நம் நினைவுக்கு வருகிறது. பழஞ்சீனத்தின் கைச்சுருள் ஓவியம் அவ்வகையினது அன்று. மேசைமேல் வைத்து, இடக்கையால் விரித்தும் வலக்கையால் சுருட்டியும், ஒரு நேரத்தில் தோளகலப் பகுதியை மட்டும் காண்பதற்கு அமைந்தது அது. வலப்புறம் தொடங்கி இடப்புறம் செல்வது. பண்டைச் சீன நூல்களின் எழுத்து வரிசை சென்ற திசையும் அதுவே. ஆதலின் சுருளோவியத்தைப் பார்த்தனர் என்பதினும் படித்தனர் என்பதே பொருந்தும்.

இதற்குச் சிறந்த சான்றாக ‘ஆயிரம் லி ஆறுகளும் மலைகளும்’ என்னும் சுருளைக் கொள்ளலாம். லி என்பது சீனரின் தொலைவளவை. ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். சோங் அரசமரபுக் காலத்து இவ்வோவியம் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உடையது. ஒட்டுப்போடாத ஒரே பட்டுத்துணியில் தீட்டப்பெற்றது. மலைத்தொடர், அகன்ற நீர்ப்பரப்பு, மீன்பிடிப் படகு, சிற்றூர், நெடும்பாலம் என ஒவ்வொன்றாக விரிகின்றது. அசுரைட்டு, மலக்கைட்டு என்னும் செம்புக் கனிமங்களை அரைத்து, முன்னதை நீலத்திற்கும் பின்னதைப் பச்சைக்கும் அடுக்கடுக்காகப் பூசியுள்ளனர். 900 ஆண்டுகள் கடந்தும் அந்நிறங்கள் ஒளிர்கின்றன.

தீட்டியவர் யார்? சுருளுடன் இணைந்துள்ள, அமைச்சர் சாய் ஜிங் 1113ஆம் ஆண்டில் எழுதிய சிறுகுறிப்பே இதற்கு விடை தருகிறது. ஓவியர் பெயர் சிமெங், வயது 18. அரசவை ஓவியப் பள்ளியில் பயின்றவர். அவர் முதலில் படைத்தளித்த ஓவியங்கள் அத்துணைச் செம்மையாக அமையவில்லை. ஆயினும் அவர் கற்பிக்கத்தக்க இயல்பினர் என உணர்ந்த ஹுய்சோங் பேரரசர் தாமே முன்னின்று பயிற்றுவித்தார். அரையாண்டுக்குள் இச்சுருளை நிறைவுசெய்து அளித்தார் சிமெங். பேரரசர் இதனைச் சாய் ஜிங்குக்கு வழங்கினார்.

அக்குறிப்பில் ஓவியரின் குடிப்பெயர்கூட இல்லை. ‘வாங்’ என இன்று நாம் வழங்கும் குடிப்பெயர், பல நூற்றாண்டுகளுக்குப்பின் சிங் அரசமரபுக் காலத்தில் சேர்ந்தது. அவருடைய வேறு படைப்பு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. ஆசிரியராய் விளங்கிய பேரரசரோ 1127இல் ஜுர்சென் படையினரிடம் சிறைப்பட்டு, 1135இல் அயல்மண்ணில் உயிர்நீத்தார். நாட்டைக் காக்கத் தவறியவர் என வரலாறு அவரைக் குறை கூறுகிறது. ஒரு மாணவரின் தகுதியை அறிந்தவர் என இச்சுருள் சான்று பகர்கிறது.

சுருள் இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. விரிக்குந்தோறும் கனிம நிறம் உதிரக்கூடுமாதலால் அரிதாகவே காட்சிக்கு வைக்கின்றனர். 2017இல் மக்கள் இதனைக் கண்டு மகிழ்ந்தனர்.

சிமெங்கின் முதல் ஓவியங்களோடு அவரைக் கைவிட்டிருந்தால் இந்த நிலக்காட்சி நமக்கு வாய்த்திராது. சாய் ஜிங் சில வரிகள் எழுதி வைக்காதிருந்தால் சிமெங் என்ற பெயரும் மறைந்திருக்கும். மாணவரின் முதல் முயற்சியை மதிப்பிடும் ஆசிரியரும், கற்பித்ததைப் பதிந்து வைக்கத் தயங்கும் நாமும் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் நலம்.