இணைய ஒளிப்படத் தொகுப்புகளில் நிலைப்பக்கமும் இயங்குபக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு (1991–2016)

திறவுச்சொற்கள்: நிலைப்பக்கம், இயங்குபக்கம், ஒளிப்படத் தொகுப்பு, தரவுத்தளம், மின்னாவணக் காப்பு

முன்னுரை

ஒளிப்படத் தொகுப்பொன்றை இணையத்தில் வைக்க முனைவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பக்கங்களை எப்போது ஆக்குவது என்பதாகும். படங்களைச் சேர்க்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்.டி.எம்.எல். கோப்பினை எழுதி வைத்துவிட்டால் அது நிலைப்பக்கம். பார்வையாளர் கேட்கும் நொடியில் வழங்கியிலுள்ள நிரல் தரவுகளைப் படித்துப் பக்கத்தை ஆக்கித் தருமாயின் அது இயங்குபக்கம். முன்னது பழமை, பின்னது வளர்ச்சி என வரிசைப்படுத்துவது பொதுவழக்கு. ஒளிப்படத் தொகுப்புகளின் வரலாறு இவ்வரிசைக்கு இடந்தரவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொடக்க நிலை

1991இல் செர்ன் ஆய்வகத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வெளியிட்ட இணையப் பக்கங்கள் வெறும் கோப்புகளே. எனினும் அதே ஆய்வகத்தில் இணையத்திற்குப் பயனர்களை ஈர்த்தது பணியாளர் தொலைபேசிப் பட்டியலாகும். அது பெருங்கணினியில் இருந்த தரவினைக் கேட்டபோதெல்லாம் எடுத்துத் தந்தது. எனவே இயங்குபக்கம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த புதுமை அன்று. இணையத்தின் உடன்பிறப்பு எனலாம்.

1993இல் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. மொசைக் உலாவி, எழுத்துக்கு நடுவே படத்தைக் காட்டும் குறியீட்டைப் பரவலாக்கியது. அதே ஆண்டில், வழங்கி வேறொரு நிரலை அழைத்து அதன் விடையைப் பக்கமாக அனுப்பும் சி.ஜி.ஐ. முறை உருவாயிற்று. ஒளிப்படத் தொகுப்புக்கு வேண்டிய இருவகைக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே வேளையில் கிடைத்தன என்பது கருதத்தக்கது. ஆயினும் தனியாட்கள் பெரும்பாலும் நிலைப்பக்கத்தையே நாடினர். அவர்கள் பெற்றிருந்த சில மெகாபைட் இலவச இடத்தில் நிரல்களை இயக்க இசைவு இல்லாதிருந்ததே காரணமாகும்.

கையால் ஆக்கிய தொகுப்பின் சுமை

நூறு படங்கள் கொண்ட தொகுப்புக்கு நூறு பக்கங்களும், சிறுபடங்களை அடுக்கிய முகப்புப் பக்கங்களும் வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என இரு இணைப்புகள் அமைய வேண்டும். 40ஆம் படத்திற்கும் 41ஆம் படத்திற்கும் இடையே ஒன்றைச் செருகினால் அண்டைப் பக்கங்கள் இரண்டையும் திருத்த வேண்டும். தலைப்பின் நிறத்தை மாற்றினால் நூறையும் திருத்த வேண்டும். இச்சலிப்பிலிருந்தே இருவேறு தீர்வுகள் கிளைத்தன.

ஒன்று, பக்கங்களைத் தானே எழுதித் தள்ளும் மென்பொருள். 2002இல் வெளியான ஜேஆல்பம் இவ்வகையினது. பயனரின் கணினியிலேயே சிறுபடங்களையும் பக்கங்களையும் ஆக்கி, முடிந்த கோப்புகளை மட்டும் வழங்கிக்கு அனுப்பும். மற்றொன்று, 1995இல் வெளியான பி.எச்.பி. மொழியைக் கொண்டு பக்கங்களை உடனுக்குடன் ஆக்கும் முறை. 2000இல் தோன்றிய கேலரி என்னும் கட்டற்ற மென்பொருள் இதன் சிறந்த சான்று. இங்கு ஒரு நுட்பம் உண்டு. கேலரியின் முதற்பதிப்பு இயங்குபக்கங்களைத் தந்தபோதும் தரவுத்தளத்தைக் கேட்கவில்லை. விவரங்களைக் கோப்புகளிலேயே எழுதி வைத்தது. தரவுத்தளம் 2005இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில்தான் கட்டாயமாயிற்று. இயங்குபக்கம் என்றால் தரவுத்தளம் என்று இன்று இரண்டையும் ஒன்றாகப் பேசுவது இவ்வரலாற்றை மறைத்துவிடுகிறது.

இயங்குபக்கம் வென்ற இடம்

இயங்குபக்கம் பரவியதற்குத் தேடல், கருத்துரை, குறிச்சொல் ஆகியவற்றையே காரணமாகச் சுட்டுவர். அவற்றினும் வலிய காரணம் யார் பார்க்கலாம் என்னும் கேள்வியாகத் தெரிகிறது. குழந்தையின் படத்தை உறவினர்க்கு மட்டும் காட்ட விரும்பும் குடும்பத்திற்கு நிலைப்பக்கம் தந்தது முழுக் கோப்புறைக்கும் ஒரே கடவுச்சொல் என்னும் முரட்டுப் பூட்டு ஒன்றே. 2004இல் தொடங்கிய ஃபிளிக்கர், ஒவ்வொரு படத்தையும் நண்பர்க்கு, குடும்பத்தினர்க்கு, அனைவர்க்கும் எனப் பிரித்துக் காட்ட வழிசெய்தது. பார்ப்பவரைப் பொறுத்து மாறும் பக்கத்தை முன்னரே எழுதி வைப்பது எளிதன்று.

இதற்கு விலை இருந்தது. ஒவ்வொரு பார்வைக்கும் வழங்கி உழைக்க வேண்டும். ஒருமுறை மாறி ஆயிரம் முறை பார்க்கப்படும் தொகுப்பில் அதே வேலை ஆயிரம் முறை நிகழ்கிறது. ஆதலால் ஆக்கிய பக்கத்தைச் சேமித்து மீண்டும் வழங்கும் இடைச்சேமிப்பு முறை பரவியது. அது பின்வாசல் வழியாக நிலைப்பக்கம் திரும்பி வந்ததே அன்றி வேறில்லை.

பெருந்தளங்களின் நிலை இன்னும் தெளிவானது. ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2010இல் வெளியிட்ட ஹேஸ்டாக் பற்றிய ஆய்வுரையின்படி, அத்தளத்தில் அப்போது 6,500 கோடி ஒளிப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் நான்கு அளவுகளில் முன்னரே ஆக்கிச் சேமிக்கப்பட்டமையால் மொத்தம் 26,000 கோடிப் படக்கோப்புகள். படத்தைச் சுற்றியுள்ள பக்கம் இயங்கியது; படமோ நிலைத்திருந்தது. அங்கு இடர் தந்தது படத்தை ஆக்குவது அன்று, வட்டில் அது எங்கே இருக்கிறது எனத் தேடுவதாகும். ஒரு படத்திற்குப் பலமுறை வட்டினைப் படிக்க நேர்ந்தது. எனவே பல படங்களை ஒரே பெருங்கோப்பில் அடுக்கி, இருப்பிடக் குறிப்பினை நினைவகத்தில் வைத்து, ஒரே வாசிப்பில் எடுக்கும் அமைப்பினை அவர்கள் உருவாக்கினர்.

எஞ்சியவை

காப்பு நோக்கில் இருமுறைகளும் வேறு வேறு வகையில் அழிகின்றன. 2009 அக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீசை மூடியபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் மறைந்தன. நிலைப்பக்கமும் இடமளிப்பவரின் தயவிலேயே வாழ்ந்தது என்பதற்கு இது சான்று. ஆயின் அவை வெறும் கோப்புகளாக இருந்தமையால், ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் மூடுமுன் பெரும்பகுதியைப் படியெடுக்க இயன்றது.

இயங்குபக்கத் தொகுப்பு இடம் இருக்கும்போதே இறக்கக்கூடும். கேலரியின் உருவாக்கப் பணி 2014இல் நிறுத்தப்பட்டது. 2015 இறுதியில் வந்த பி.எச்.பி. 7, மை.எஸ்.கியூ.எல். தரவுத்தளத்தை அணுகும் பழைய கட்டளைகளை முற்றாக நீக்கியது. அக்கட்டளைகளை நம்பியிருந்த பழைய நிரல்கள், வழங்கி புதுப்பிக்கப்பட்ட அன்றே நின்றுபோயின. படங்கள் வட்டில் இருந்தன. எந்தப் படம் எந்த விழாவினது, உடன் நிற்பவர் யார் என்னும் குறிப்புகளோ திறக்க ஆளில்லாத தரவுத்தளத்தில் தங்கிவிட்டன. இதற்கு மாறாக, 2016இல் கைவிடப்பட்ட கூகிளின் பிக்காசா மென்பொருள், தொகுப்பினை எச்.டி.எம்.எல். கோப்புறையாக ஏற்றுமதி செய்யும் வசதி கொண்டிருந்தது. அவ்வாறு குறுவட்டில் பதிந்து வைத்தவர், வட்டு பழுதுபடாதிருப்பின், இன்றும் எந்த உலாவியிலும் படத்தையும் அதன் கீழுள்ள பெயரையும் சேர்த்தே காணலாம்.