டார்வின் வீட்டில் ஒரு மௌனம்

துணையைத் திருப்திப்படுத்துவதை நாம் விட்டுக்கொடுத்தல் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சார்லஸ் டார்வின் - எம்மா தம்பதிகளின் 43 வருஷ தாம்பத்யம் அந்தச் சொல்லுக்குள் அடங்குவதாக இல்லை.

எம்மா அவருக்கு மாமன் மகள். ஒன்பது மாதம் மூத்தவர். மத விஷயத்தில் உள்ள சந்தேகங்களை மனைவியிடம் மறைத்துவிடும்படி தகப்பனார் யோசனை சொல்லியிருந்தார். டார்வின் மறைக்கவில்லை. 1839 ஜனவரியில் கல்யாணம். மணமான புதிதில் எம்மா ஒரு கடிதம் எழுதினார். நிரூபணமாகாத எதையும் நம்பாத விஞ்ஞானப் பழக்கம், அப்படி நிரூபிக்க முடியாதவற்றையும் உதறச் செய்துவிடுமோ என்ற பயம். மரணத்திற்கு அப்பால் கணவர் தன்னுடன் இருக்கமாட்டாரோ என்ற வேதனை. அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை வைத்திருந்தார். அதை முத்தமிட்டு அழுததுண்டு என்று அதிலேயே எழுதியும் வைத்தார். ஆனால் நம்பிக்கைக்குத் திரும்பவில்லை.

எம்மாவைப் புண்படுத்தப் பயந்துதான் பரிணாமக் கொள்கையை 1859 வரை ஒளித்துவைத்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. 1844 ஜூலையில் அவர் எழுதிய கடிதம் இதற்கு இடம் தரவில்லை. தாம் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுன் செலவிட்டு இந்தக் கட்டுரையைப் பதிப்பிக்க வேண்டும் என்று அதில் கேட்டுக்கொள்கிறார். கேட்டது எம்மாவிடம். தன் நம்பிக்கைக்கு எதிரான கையெழுத்துப் பிரதியை எம்மாவும் வாசித்தார். கண் படிப்படியாக உருவாகியிருக்கலாம் என்ற இடத்தில், இது பெரிய ஊகம் என்று ஓரத்தில் குறித்தார்.

மற்றபடி அன்றாடம் இருந்தது. எம்மா நாவல் வாசித்துக் காட்டுவார், பியானோ வாசிப்பார். இரவு தோறும் இருவரும் பேக்கமன் என்ற தாய ஆட்டம் இரண்டு ஆடுவார்கள். 1876இல் ஆஸா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் கணக்குக் கொடுக்கிறார்: தாம் ஜெயித்தது 2795, எம்மா 2490. தீராத ஒரு வித்தியாசத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை ஆட்டங்கள். அந்த வித்தியாசத்தை இவை தீர்க்கவில்லை. தீர்ப்பதற்காக ஆடப்பட்டவையும் அல்ல.

இந்த முயற்சிக்கு விலை இல்லாமல் இல்லை. மதத்தைத் தாக்கி எழுதுவதைத் தாம் தவிர்த்துவந்ததற்குக் குடும்பத்தினர் சிலருக்கு ஏற்படக்கூடிய வேதனையும் காரணமாயிருக்கலாம் என்று 1880இல் எட்வர்ட் அவெலிங்குக்கு ஒப்புக்கொள்கிறார். குடும்பத்திற்கென்று 1876இல் எழுதத் தொடங்கிய சுயசரிதையில் மட்டும் மனம் திறந்தார். கிறிஸ்தவம் மெய்யானால் நம்பிக்கையற்ற தம் தகப்பனாரும் அண்ணனும் நித்திய தண்டனைக்கு உரியவர்கள். அந்தப் போதனை வெறுக்கத்தக்கது என்றார்.

1882இல் டார்வின் இறந்தார். இந்த வரிகள் அச்சாவதை எம்மா விரும்பவில்லை. 1887இல் மகன் பிரான்சிஸ் வெளியிட்ட பதிப்பில் இவை இல்லை. 1958இல் பேத்தி நோரா பார்லோ இவற்றைச் சேர்த்துப் பதிப்பித்தார். வாசகர்கள் 71 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

வாசகன் என்ற முறையில் இந்த நீக்கத்தில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் வெளியே பேசாமலிருப்பது அந்த வீட்டில் எம்மா கொண்டுவந்த வழக்கம் அல்ல. எம்மா நோகக்கூடாது என்று டார்வினே அதைப் பல வருஷம் செய்துவந்திருந்தார். அவர் போன பிறகு, அவரைப் பற்றிப் பிறர் கடுமையாக நினைத்துவிடக்கூடாது என்று எம்மா தொடர்ந்தார். அவருடையதைக் கண்ணியம் என்றும் எம்மா செய்ததைத் தணிக்கை என்றும் பிரித்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.